பூட்டில்லாத வாயும் ஒரு டிரங்குப் பெட்டியும்

3-8-1963
ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் நான் தைத்த சட்டைகளைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். காளியண்ணன் சட்டைக்கு மட்டும் இடது கை நீளம். "ஏனுங்க டைலரே, எனக்கு ஒரு கை மட்டும் வளந்துடுச்சுங்களா?" என்று நடுக்கூட்டத்தில் கேட்டான். "பொண்டாட்டியைப் புடிக்கற கையாச்சே, எட்ட வேண்டாமா?" என்றேன். அவள் கோபித்துக்கொண்டு அம்மாயி வீட்டுக்குப் போய் ஒரு வாரமான சேதி அதுவரை செம்மேட்டில் எனக்கு மட்டுமே தெரியும். இப்போது எல்லாருக்கும் தெரியும்.

19-8-1963
இருசாயியின் மகன் போய்விட்டான். நாலு வயசு.

20-8-1963
நேற்று எழுத முடியாததை இன்று எழுதுகிறேன். நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைப் பெரிய டின்னாக வாங்கி வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்கிறார்கள். ஊற்றி வைக்க நன்னாரி சர்பத் பாட்டில். பேளுக்குறிச்சிச் சந்தையில் காலி பாட்டில் சல்லிசு, தக்கையும் இறுக்கமாக நிற்கும். திருவிழாவில் பையனுக்கு சர்பத் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலும் அதே பாட்டில். அவன் என்னத்தைக் கண்டான்? தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலைகூடத் தாண்டவில்லை.

"விதிங்க" என்றார் ஊர்க்கவுண்டர் அப்பாசாமி.

விதியா? அப்படியானால் இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பாட்டில் விதி இருக்கிறதே!

2-9-1963
ஊர்க்கூட்டம். எழுந்து சொல்லிவிட்டேன். மருந்து எந்த வீட்டிலும் வேண்டாம். எல்லாம் ஒரே பெட்டியில், பூட்டுப் போட்டு, என் தையல் கடையில். அடிக்கிற அன்றைக்குப் பெரியவர்கள் வந்து வாங்கிப் போகட்டும், மிச்சத்தை அன்றே திருப்பித் தரட்டும்.

செங்கோடன்தான் ஆரம்பித்தான். "வாய்க்கே பூட்டு இல்லாத மனுசன், பெட்டிக்குப் பூட்டுப் போடறாராமா!"

நியாயமான கேள்வி. "அதுக்குத்தானுங்க என்கிட்ட வெக்கச் சொல்றேன். எவன் வந்து மருந்து எடுத்தாலும் பொழுது சாயறதுக்குள்ள மலை முச்சூடும் தெரிஞ்சிரும். வேற யாருகிட்ட வெச்சா இந்த வசதி கெடைக்கும்?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தரும் சரி என்று சொல்லவில்லை. இருசாயி எழுந்து போனாள். திரும்பி வந்தபோது முந்தானைக்குள் அந்தப் பாட்டில். என் காலடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

3-9-1963
டிரங்குப் பெட்டி, என் மனைவி பாவாயிக்கு வந்த கல்யாணச் சீர். "எங்கப்பன் ஊட்டுப் பெட்டிக்குள்ள வெசத்தையா வெக்கப் போறீங்க?" என்று குதித்தாள். "உங்கப்பன் குடுத்ததுல உருப்படியா ஒரு காரியத்துக்கு ஆகறது இது ஒண்ணுதான்" என்றேன். கரண்டி பறந்து வந்தது. குனிந்துகொண்டேன், பழக்கம்தான். மத்தியானம் பார்த்தால், சேலைகளை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

14-10-1963
கடைசி பாட்டிலும் வந்துவிட்டது. செங்கோடனுடையது. "நான் குடுத்தேன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றான். சொல்லிவிட்டேன்.

22-1-1964
மத்தியானம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். பதினைந்து வயசிருக்கும். பெயர் – வேண்டாம், இங்கேயும் வேண்டாம்.

"அப்பா மருந்து வாங்கியாரச் சொன்னாருங்க மாமா. நெல்லுக்கு."

அவர்கள் வீட்டு நெல் அறுத்து, அடித்து, குதிரில் ஏறியாகிவிட்டது. அவள் அப்பன் முள்ளுக்குறிச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனவன் இன்னும் மலையேறவில்லை. ஊர்க்கதை முழுக்கத் தெரிந்தவனிடம் வந்து சொல்கிற பொய்யா இது? கேலி ஒன்று நுனி நாக்கு வரை வந்தது. முகத்தைப் பார்த்தேன். கேலி வந்த வழியே போய்விட்டது.

மெஷினை நிறுத்தினேன். "உக்காரு கண்ணு" என்றேன். சுற்றி வளைக்கத் தோன்றவில்லை. "செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா சாமி?"

நேராகக் கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்தது போலாகிவிடுமோ என்று ஒரு பயம். அப்படியெல்லாம் இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல அழுதாள். "ஊட்டுல தேடிப் பாத்தேனுங்க. இல்லீங்க. அதான் இங்க..."

தேடியிருக்கிறாள். ஐயோ, தேடியிருக்கிறாள். அந்தப் பாட்டில் அங்கேயே இருந்திருந்தால்? – இருக்கவில்லை. இருக்கவில்லைடா அர்த்தனாரி. அதோடு விடு.

பாவாயி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் சோறு போட்டாள். அந்தப் பெண் மனசிலிருந்ததையெல்லாம் சொன்னாள். ஒன்றல்ல, பலது. குறுக்கே புத்தி சொல்லாமல் கேட்டேன். நான்! பிறகு அவள் அம்மாவை அழைத்து வந்து, அவளை வைத்துக்கொண்டே சொன்னோம். "எங்கிட்டச் சொல்லப்படாதா தங்கம்?" என்று அம்மா கட்டிக்கொண்டாள். திட்டவில்லை. இனி கொஞ்ச காலத்துக்கு அவளைத் தனியாக விடுவதில்லை. அம்மா காட்டுக்குப் போகும்போது பாவாயியிடம் இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோம். அப்பனிடம் பக்குவமாகப் பேசுவது என் பொறுப்பு.

23-1-1964
டீக்கடையில் காளியண்ணன்: "ஏனுங்க டைலரே, நேத்து அந்தப் புள்ள உங்க கடையில அழுதுச்சாமா?"

எல்லாக் காதும் என் பக்கம் திரும்பின. இப்படியொரு சேதி, இப்படியொரு கூட்டம் – நாக்கு நமநமவென்றது. பெட்டியைத் திறந்தால் சொல்வேன் என்றுதானே ஊருக்கு வாக்குக் கொடுத்தேன்? பெட்டியைத் திறக்கவே இல்லையே.

"அதை ஏன் கேக்கறீங்க? அதோட ஜாக்கெட்டுத் துணியை வெட்டிக் கெடுத்துப்போட்டேனுங்க" என்றேன்.

காளியண்ணன் தன் இடது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். உடனே நம்பிவிட்டான். பொழுது சாய்வதற்குள் மலை முழுக்க என் கத்தரியைப் பற்றித்தான் பேச்சு.

9-2-1964
பாவாயி நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். "இத்தனை நாளா ஒரு சேதி உங்க வாய்க்குள்ளயே கெடக்குதே, ஒடம்பு சொகந்தானுங்களே?"

27-7-1964
ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஒரு வாரம். கடை நிறையத் துணி. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். பச்சைத் துணி, ஜாக்கெட்டுக்கு. பாவாயி அளவெடுத்தாள்.

"இந்தத் தடவை நெசமாவே கெடுத்துப்போடாதீங்க மாமா" என்றாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். படியிறங்கிய பெண் திரும்பி வந்தாள்.

"உள்ளுக்குள்ள துணி விட்டுத் தையுங்க. அடுத்த வருசம் பிரிச்சு விட்டுப் போட்டுக்கறேன்."

வழக்கமாக ஒரு விரற்கடை விடுவேன். இதற்கு இரண்டு விட்டிருக்கிறேன்.