கடைசிப் படகிலிருந்து வரும் சிரிப்பு

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் ஆற்றில் என் பின்னால் யாரும் இல்லை. முதல்முறை கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்ட வந்தவர்கள் பத்துப் பேர். வழிகாட்டியாக முன் படகில் நான், கடைசிப் படகில் தங்கை. களைத்துப்போகிறவர்களைச் சேர்த்து அழைத்துக்கொண்டு வருவதுதான் கடைசிப் படகின் வேலை. அவள் வந்ததிலிருந்து எல்லோரும் களைத்துப்போகிறார்கள். மலை மாதிரி இருக்கும் ஜிம் மாஸ்டர்கூட "தோள் வலிக்குதுங்க" என்று பின்தங்கிவிட்டார். வளைவில் திரும்பிப் பார்த்தால் பத்துப் படகும் அவளைச் சுற்றி. ஒரே சிரிப்பு. முன்னால் நான் மட்டும், கொக்கு மாதிரி.

துணிக்கடை வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தவளை இங்கே சேர்த்துவிட்டது நான்தான். துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டியதும் நான்தான். எனக்கு நல்லா வேணும்.

மார்ச் 5, செவ்வாய்

முதலாளியம்மா மலையடிவாரத்து ஆற்றில் இன்னொரு படகுத்துறை திறக்கிறார். எல்லாம் புதுப் படகுகள். அதை நடத்த எங்கள் இருவரில் ஒருவரை அனுப்புவாராம். "மாசக் கடைசிக்குள்ள யோசிச்சு சொல்றேன்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் இந்த ஆற்றுச் சேற்றை மிதித்தது யார்? அந்தத் துறை எனக்கு வேண்டும். எழுதியே வைக்கிறேன் — எனக்குத்தான் வேண்டும்.

மார்ச் 9, சனி

படகுகளைக் கழுவினோம். அவள் வேலையில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்கலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. லைஃப் ஜாக்கெட்டுகளைக்கூட அளவுவாரியாக மாட்டி வைக்கிறாள்.

"அக்கா, தோள் இறுகிப்போயிருக்கே, அமுக்கி விடவா?"

"வேணாம்."

இரவு என் கணவரிடம் புலம்பினேன். "உன் தங்கச்சி பேசினா நேரம் போறதே தெரியாது, அதான் ஜனங்க ஒட்டிக்கிறாங்க" என்றார். இது ஆறுதலாம். கட்டின மனுஷனும் கட்சி மாறியாச்சு.

மார்ச் 10, ஞாயிறு

மழை. படகு இறக்கவில்லை. நிம்மதி.

மார்ச் 17, ஞாயிறு

கவிழ்ந்துவிட்டேன். நான். பத்துப் பேர் முன்னால்.

கரையில் எல்லோருக்கும் முதலில் சொல்வதே நான்தான் — "போக வேண்டிய பக்கம் பாருங்க. நீங்க பாக்குற பக்கம்தான் படகு போகும்." சொல்லிவிட்டு நானே பாதி வழி பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனேன். பின்னால் மறுபடியும் சிரிப்பு. என்ன சொல்லியிருப்பாள்? என்னைப் பற்றியா? நன்றாகத் திரும்பி எட்டிப் பார்த்தேன். படகு கரையோரம் ஒதுங்கி, சாய்ந்து கிடந்த மரக்கிளையில் இடித்துக் குப்புறக் கவிழ்ந்தது.

நெளிந்து வெளியே வந்து தலையைத் தூக்கியபோது அவள் பக்கத்தில் இருந்தாள். அவ்வளவு தூரத்தை எப்படிக் கடந்தாளோ. முகத்தில் சிரிப்பே இல்லை. "என்னைப் பாருங்க. படகை விட்டுடாதீங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். புதிதாக வருகிறவர்களிடம் பேசும் அதே 'ங்க'. என் படகின் மூக்கைத் தன் படகின் மேல் இழுத்துத் தண்ணீரை வடித்தாள், நிமிர்த்தினாள், தன் படகோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஏறுங்க, நான் பிடிச்சிருக்கேன்."

ஏறினேன். அவள் பேசிக்கொண்டிருந்தவரை எனக்குப் பயமே இல்லை. ஏன் எல்லோரும் அவள் பக்கம் போகிறார்கள் என்பது எனக்கு அந்தத் தண்ணீரில் தெரிந்துபோனது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பிறகு அவள் எல்லோரையும் பார்த்து, "பாத்தீங்களா? கவுந்தா இவ்வளவுதான். உங்க பயம் போகட்டும்னுதான் அக்கா விழுந்து காட்டினாங்க" என்றாள். பத்துப் பேரும் கைதட்டினார்கள். நானும் ஈரத்தலையோடு பல்லைக் காட்டினேன்.

மார்ச் 18, திங்கள்

"ஏன்டி பொய் சொன்ன?"

"பின்ன, அத்தனை பேர் முன்னாடி உன்னை விட்டுக்கொடுக்கச் சொல்றியா?"

இவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்தால் என்ன? நானும் மனசாட்சி உறுத்தாமல் பொறாமைப்படுவேன்.

மார்ச் 24, ஞாயிறு

விஷயம் முதலாளியம்மா காதுக்குப் போய்விட்டது. வந்தவர்கள் போன் போட்டுப் புகழ்ந்தார்களாம். "நல்ல யோசனைம்மா. இனிமே ஒவ்வொரு தடவையும் விழுந்து காட்டிடு."

காலையில் ஒரு முறை விழுந்தேன், மாலையில் ஒரு முறை. இரண்டு முறையும் அவள் தூக்கினாள். காதில் இன்னும் தண்ணீர்.

மார்ச் 29, வெள்ளி

முதலாளியம்மா கூப்பிட்டு, "புதுத் துறைக்கு நீயே போ" என்றார். "விழுந்து காட்டணும்னு உனக்குத்தான் தோணுச்சு. அந்தப் பொறுப்பு எல்லாருக்கும் வராது."

கேட்டது கையில் வந்து விழுந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே? வாய் சும்மா இருந்ததா?

"நான் விழுந்து காட்டலைங்க. நிஜமாவே விழுந்துட்டேன். என்னைத் தூக்கி, பேச்சையும் சமாளிச்சது அவதான். அவளையே அனுப்புங்க."

பெருந்தன்மை இல்லை. வெறும் ரோஷம். அவள் பொய்யில் கிடைத்த இடத்தில் ஆயுசுக்கும் எப்படி உட்காருவது? கண்ணில் படாமல் போகட்டும் என்ற நினைப்பும் இருந்தது. இருந்தது, இல்லை என்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்று மூட்டை கட்டிக்கொண்டு புதுத் துறைக்குப் போய்விட்டாள். இன்று பத்துப் படகும் ஒழுங்காக என் பின்னாலேயே வந்தன. யாருக்கும் தோள் வலிக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

கடைசிப் படகுக்குப் புதிதாக வந்திருப்பவர் நீச்சல் மாஸ்டர். கை ஒவ்வொன்றும் உலக்கை. "விழுங்க மேடம், நான் தூக்கிடுறேன்" என்றார். எல்லோரும் வட்டமாகப் படகை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். முடியவில்லை. மறுபடி சாய்ந்தேன். உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. "இன்னைக்கு தண்ணி சரியில்ல" என்று சொல்லிக் கிளப்பிவிட்டேன். தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். அங்கேயும் விழுந்து காட்டுகிறார்களாம்.

"யாரு விழுறா?"

"இங்க சமைக்கிற அக்கா. பயமே இல்லாம விழுறாங்க, பாக்கணுமே நீ."

அக்காவாம். போனை வைத்ததிலிருந்து வயிறு எரிகிறது. அடுத்த ஞாயிறு லீவு சொல்லிவிட்டேன். மலையடிவாரத்துக்கு முதல் பஸ் எப்போது என்று என் கணவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நனைந்தால் மாற்றிக்கொள்ளப் பையில் துணி எடுத்து வைத்தாகிவிட்டது.