நின்ற பிறகு வந்த ரத்தம்

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துறைமுகச் சாலை முழுக்க லாரி வரிசை. ஆபீஸுக்கு இருபது நிமிடம் தாமதம்.
மதியம் கழிப்பறையில் ரத்தம். மாதவிடாய் நின்று பதினான்கு மாதம் ஆகிறது. ஐம்பத்தொரு வயதில் இது எதற்கு? பக்கத்து மேஜை லூர்து அக்காவிடம் நாப்கின் கேட்டு வாங்கினேன்.
"நின்னு ஒரு வருசம் கழிச்சு வந்தா சும்மா விடக் கூடாதுளா. டாக்டர்ட்ட காட்டு."
உடம்புச் சூடாக இருக்கும் என்றேன். இளநீர் குடித்தேன்.

நவ. 6, வியாழன்
நிற்கவில்லை. நேற்றைவிட இன்று அதிகம். ஒரே பில்லை மூன்று தடவை அடித்தேன்.
வாங்க: உளுந்து, துணி சோப்பு, ஜெனிக்கு கிராஃப் நோட்டு, நாப்கின்.
வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய அடுப்படியையே மறுபடி கழுவினேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"ஏளா, என்னத்துக்கு இப்படிக் கிடந்து அலையுத?"
ஒன்றுமில்லை என்றேன். நாசரேத் சித்தியும் இப்படித்தான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். திரும்பி வரவில்லை.

நவ. 8, சனி
நாப்கின் வாங்க மறந்துவிட்டேன். மகள் ஜெனியுடையதை எடுத்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.
"அம்மா, ஒனக்குத்தான் நின்னுட்டுல்லா?"
துணி மடிக்க ஆரம்பித்தேன். கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள்.
"திங்கக்கிழம போறோம். நானும் வாரேன்."
பிளஸ் டூ, பரீட்சை நேரம் என்றேன். "இருக்கட்டும்."

நவ. 10, திங்கள்
ஸ்கேன். கர்ப்பப்பையின் உள்பக்கம் தடித்திருக்கிறதாம். டாக்டரம்மா கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நல்ல வலி.
"பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இருக்காது. ஆனா பாக்காம சொல்ல முடியாதும்மா."
எட்டு நாள் காத்திருக்க வேண்டும். வெளியே வந்து இவருக்கு போன் செய்து சொன்னேன். "அங்கனயே நில்லு. வாரேன்."

நவ. 13, வியாழன்
வெயில். ரத்தம் குறைந்திருக்கிறது. பீரோவில் நகை, பத்திரம், எல்லாம் எது எங்கே என்று இவரிடம் சொல்லப் போனேன். எழுந்து போய்விட்டார்.

நவ. 18, செவ்வாய்
புற்று இல்லை. சின்னச் சதை வளர்ச்சி. அடுத்த வாரம் எடுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. இவர் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.
நானும் எழுந்தேன். ஜெனி எழவில்லை.
"டாக்டர், எனக்கும் ஒண்ணு கேக்கணும்."
மாதாமாதம் விலக்கான முதல் நாள் வாந்தி. பள்ளியில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். மூன்று வருடமாக.
"அம்மாட்ட சொல்லலையா?"
"வலிக்குதுன்னு சொன்னேன். பொம்பளப் பிள்ளன்னா வலிக்கத்தான் செய்யும்னுட்டா."
சொன்னேன்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை.
நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தேன்.