கப்டன் டுவார்த்தேயின் அறைக்குப் பாதிரியாரை அனுப்புவதை நிறுத்தக் கோருதல்

அனுப்புநர்:
க. கேதீஸ்வரன், பேருந்துச் சாரதி,
கேரம் டவுன்ஸ், விக்டோரியா.

பெறுநர்:
முறைப்பாட்டு அதிகாரி அவர்கள்,
முதியோர் பராமரிப்புப் பிரிவு, மெல்பேர்ன்.

விடயம்: பேச இயலாத முதியவரின் மதப்பதிவைத் திருத்துதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆங்கிலத்தில் எழுதினால் என் மனக்கொதிப்புப் பாதியாகிவிடும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். தயவுசெய்து மொழிபெயர்ப்பித்து வாசிக்கவும்.

1. என் அயலவர் டுவார்த்தே சர்மெந்தோ, முன்னாள் போர்த்துக்கேய இராணுவக் கப்டன். மொசாம்பிக்கில் ஒரு கிராமத்தைக் கொளுத்தும் கட்டளையை மறுத்தவர். துப்பாக்கிகளுக்குத் தீர்த்தம் தெளித்த பாதிரியாரைப் பற்றிக் கட்டுரை எழுதிச் சிறை சென்றவர். குடியரசுக்கு மதம் கிடையாது என்பதே அவர் வாழ்நாள் முழுதும் எழுதியது. சீருடையைக் கண்டாலே கதவடைத்து ஒளியும் ஊரிலிருந்து வந்தவன் நான். என் வீட்டுக் கதிரையில் இருந்து தேநீர் குடித்த ஒரே இராணுவ அதிகாரி அவர்தான்.

2. பக்கவாதத்தால் பேச்சிழந்த அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தபோது நான் வேலையில் இருந்தேன். உடன் சென்ற என் மனைவி யோகாவிடம் அவருடைய மதத்தைக் கேட்டிருக்கிறார்கள். "போர்த்துக்கீசர் எண்டால் வேதக்காரர்தானே" என்று நினைத்து, கத்தோலிக்கர் என்று சொல்லிவிட்டார். போர்த்துக்கீசர் வந்து கோயில்களை இடித்து மதம் மாற்றினார்கள் என்றுதான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சரித்திரம் படித்தோம். எங்கள் கோயில் திருநீற்றை அவர் மறுத்ததும் அதனால்தான் என்று யோகா நம்பியிருந்தார். பொங்கலை மட்டும் அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

3. இப்போது ஞாயிறுதோறும் பாதிரியார் வந்து அவர் நெற்றியில் எண்ணெய் பூசுகிறார். பாதிரியார் நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. கப்டன் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். பணியாளர்கள் அதைப் பிரார்த்தனை என்கிறார்கள். கட்டிலுக்கு மேல் சிலுவையும் மாட்டியிருக்கிறார்கள். பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

4. பிழையைத் திருத்தக் கேட்டோம். இரத்த உறவினர் மட்டுமே திருத்தலாம் என்றனர். அவருக்கு அப்படி எவருமில்லை. பதிவதற்கு யோகாவின் வாய் போதுமாம், திருத்துவதற்குப் போதாதாம். இது எந்த ஊர் நியாயம், ஐயா?

யோகா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. தமக்கு மதமில்லை என்று தம் கட்டுரைப் புத்தகத்துக்கு அவரே எழுதிய முன்னுரையின் பிரதியை இணைத்துள்ளேன். கப்டனுக்கு இன்னும் கேட்கிறது. ஆம், இல்லை என்பதற்குக் கையை அழுத்திப் பதில் சொல்கிறார். ஓர் அதிகாரி நேரில் வந்து அவரிடமே கேட்கட்டும் என்பதே என் கோரிக்கை.

விரைவாக வரவும். வைத்தியர் அதிக காலம் சொல்லவில்லை. அவர் இறந்தபின் திருத்தினால் எங்களுக்குத்தான் ஆறுதல். இப்போது திருத்தினால்தான் அது அவருக்கு.

இடம்: கேரம் டவுன்ஸ்
திகதி: 14.07.2025

இப்படிக்குப் பணிவுடன்,
க. கேதீஸ்வரன்
யோகா கேதீஸ்வரன் (பிழையாகச் சொன்னவர்)