ரஷ்யாவின் கல்யாணப் பத்திரிகை

சண்டை போட்டே என்னைச் சொந்தமாக்கிக்கொண்ட மச்சானுக்கு,

உங்கள் மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. மாப்பிள்ளை வீடு வெள்ளகோவில். பையன் தங்கமானவன். மீதியையும் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய அடுத்த வருஷமே சோவியத் யூனியன் உடைந்துபோனது. கொடியை இறக்கியதை டிவியில் காட்டினார்கள். டீக்கடையில் உங்களை எதிர்த்து, அமெரிக்கா பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஜெயித்துவிட்டேன், மச்சான். யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்கு டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உங்கள் மில் சங்கும் இப்போது பல நாள் ஊதுவதில்லை.

வங்கதேசப் போர் நடந்த அந்த டிசம்பர் நினைவிருக்கிறதா? நம்மை மிரட்ட அமெரிக்கப் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பின்னாலேயே ரஷ்யக் கப்பல்களும் வருவதாகக் கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு குதி குதித்தீர்கள். உள்ளே அக்காவுக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தது.

"நமக்குன்னு ஒருத்தன் வந்தானில்ல மாப்ளே! புள்ளைக்குப் பேரு ரஷ்யாதான்."

"அமெரிக்காக் கோதுமையத் தின்னுபோட்டு ரஷ்யான்னு பேரு வெக்கறீங்களாக்கும்? செத்தாலும் அந்தப் பேரு என்ற வாயில வராதுங்க மச்சான்!"

அன்றிலிருந்து அவள் எனக்கு 'அம்மணி'தான். ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

போன வாரம் பத்திரிகை எழுத உட்கார்ந்தோம். பெண் பேர் எழுதும் இடம் வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா பேனாவை மூடிவைத்தார்.

"ஏனுங்க, இந்தப் பேரை மட்டும் மாத்திப்போடலாமுங்களா? ஒடைஞ்சுபோன நாட்டோட பேருங்க. நல்ல காரியத்துக்கு ராசியா இருக்காதுங்க. ரம்யான்னு போட்டுக்கலாமுங்க."

தாய்மாமன் என்ன சொல்வான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெத்தவரு வெச்ச பேருங்க. மாத்தமாட்டமுங்க. இல்லீன்னா பத்திரிகையே அடிக்க வேண்டாமுங்க" என்றேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

அம்மணிதான் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ரம்யான்னே போட்டுருங்க மாமா. அம்மாவைப் பாருங்க."

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடிவைத்த பேனாவை நானே திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

ரம்யா என்றே எழுதியாயிற்று. எவனோ கப்பல் விட்டான், எவனோ கொடியை இறக்கினான். அதற்கு நம் வீட்டுப் பிள்ளை தன் பேரைக் கொடுக்க வேண்டுமா? நீங்கள் இருந்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பீர்களா? அவள் மறுநாள் சிரித்த முகத்தோடுதான் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் செய்வேன். பெண்ணை மணமேடைக்குக் கூட்டி வருவது தாய்மாமன் உரிமை, அதை யாரும் மாற்ற முடியாது. அன்றைக்கு மண்டபம் முழுக்கக் கேட்க, வெள்ளகோவில் சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, "வா கண்ணு ரஷ்யா" என்று கூப்பிடுவேன். நம் சண்டையில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கட்சியில் தனியாக நிற்கும்
உங்கள் மச்சினன்