கறுப்புக் கதிருக்குப் பை

என் வேலிக்கு மேற்கே ஆட்சி செய்யும் மாப்பிள்ளைக்கு,

உன் வீரிய மக்காச்சோளம் பூத்துவிட்டது. அதன் மகரந்தம் வேலி தாண்டி வரும் வேகத்தைப் பார்த்தால் மூன்று நாட்டுப் படைகள் பின்வாங்கும். என் கறுப்பு மக்காச்சோளமோ நாளைக் காலை கதிர் நுனியில் மகரந்தம் பிடிக்கும் நூல் விடப் போகிறது. இரண்டும் கலந்தால் அந்த விதை அவ்வளவுதான். சேமித்து வைத்த விதையை வண்டு தின்றுவிட்டது; மிஞ்சிய கடைசிப் பிடியையும் விதைத்துவிட்டேன்.

"காத்துக்கு நான் என்ன மாமா பண்ண முடியும்?" என்று நீ கேட்டாய். "உன் தயவே வேண்டாம்டா, ஒத்தை ஆளா லட்சம் கதிருக்குப் பை மாட்டுவேன்" என்று வானம் கிழிய முழங்கினேன். அதன்பின் நாம் பேசவில்லை.

நூல் வருமுன் ஒவ்வொரு கதிருக்கும் காகிதப் பை மாட்டிக் கட்ட வேண்டும். இன்று முழுக்க முயன்றேன். என் இடது கை போன மாதத்திலிருந்து வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்கும் வர மறுக்கிறது. மாட்டிய பைகள் எல்லாம் கட்டு நிற்காமல் என் வயலெங்கும் பறந்துகொண்டிருக்கின்றன. உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே. அக்கா ஆஸ்பத்திரியையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

விடிவதற்குள் வா. பேச வேண்டாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கட்டு, நான் பிடித்துக்கொள்கிறேன்.

வலது கையால் எழுதும்,
உன் தாய்மாமன்