பக்கத்து வீட்டுக்காரர்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. போனில் பேசினால் எனக்குப் பாதி வார்த்தை வராது, மௌனசாமி என்று நீயே கேலியாகக் கூப்பிடுவாயே. அதனால் எழுதுகிறேன்.

நம் ஊர் நூலகத்தில் நீ வைக்கப்போகிற கண்காட்சியின் நோட்டீஸை அங்கே இருக்கிற அண்ணன் நூலக வாசலில் ஒன்று, டீக்கடையில் ஒன்று ஒட்டியிருக்கிறார். போன லீவில் வந்தபோது, கல்லூரியில் துணைப்பாடமாகப் பொது வரலாறு எடுத்திருப்பதாகச் சொன்னாய். ராஜாக்களை விட்டுவிட்டு நம்மைப் போன்றவர்களைப் பற்றிப் படிப்பது, படித்ததை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைப்பது என்றாய். நம்மளப் படிக்கவா பஸ் ஏறிப் போறே, இங்கேயே உக்காந்து பாத்தா பத்தாதா என்று அம்மா கேலி செய்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நோட்டீஸில் மில் தீ விபத்து என்று போட்டு, கீழே அம்மா சொன்னதை அச்சடித்திருக்கிறாய். அப்பா உள்ளே மாட்டிக்கொண்ட அந்தக் கதவை வெளியே பூட்டினவர் இன்னும் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார் என்று. பெயர் போடவில்லை. பெயரை எடுத்துவிட்டால் யாரென்று தெரியாது என உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அக்கா, நம் வீடு தெருக்கோடி. நமக்குப் பக்கத்து வீடு ஒன்றே ஒன்றுதான்.

அம்மா உன்னிடம் பேசியது அடுப்படியில், காய் நறுக்கிக்கொண்டே. பதிவு பண்ணட்டுமா, எல்லாரும் கேப்பாங்க, பரவாயில்லையா என்று நீ கேட்டாய். பண்ணிக்கோ என்றாள். எல்லாரும் என்றால் உன் வாத்தியார்கள் என்று நினைத்திருக்கிறாள். பரீட்சைப் பேப்பர் மாதிரி மார்க் போட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள் என்று. நூலகத்தில் யார் வேண்டுமானாலும் காதில் மாட்டிக் கேட்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருப்பதை நான் படித்துக் காட்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவங்க வாசல்ல போய் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லடி, என் குரலை எடுத்துடச் சொல்லு என்கிறாள்.

சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் சேர்ந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு அத்தைதான் என் ஜோடி. எனக்கும் சேர்த்து அவரே பேசுவார். திங்கட்கிழமை வேறொருத்தியோடு போய் நின்றுகொண்டார். திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அவங்கக்கா படிச்சுப் பெரிய ஆளாயிட்டா, நம்மளயெல்லாம் சுவத்துல ஒட்டுறா என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். நான் விரிப்பின் ஒரு முனையில் இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தி, ஒற்றை ஆளாக மடித்தேன். கோணலாகத்தான் வந்தது.

நேற்று சாயங்காலம் அத்தையின் வீட்டுக்காரர், அந்த மாமாவே வந்தார். படியேறவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றேன். உங்கக்கா எப்ப வருவா என்றார். தெரியாது என்றேன். என்னையும் பதிவு பண்ணுவாளாம்மா என்று கேட்டார். அன்னிக்கு போலீஸ் கேட்டாங்க, என்ன சொல்லணும்னு முதலாளி சொல்லிக் குடுத்தாரு, அதுக்கப்புறம் யாரும் கேக்கல, உங்கம்மாகூட கேக்கல என்றார்.

அம்மா உள்ளே அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. அவர் போன பிறகு, தன்னைக் காப்பாத்திக்கத்தான் பேசுவாரு, இதையெல்லாம் அக்காவுக்கு எழுதாதே என்றாள்.

எழுதிவிட்டேன். அம்மாவின் குரலை எடுத்துவிடு, அது அவளுடையது. நோட்டீஸ்களை நானே போய்க் கேட்டு வாங்கிவிடுகிறேன். டீக்கடையில் அத்தனை ஆம்பளைகள் முன்னால் வாய் திறக்க வேண்டும், பரவாயில்லை.

ஆனால் கண்காட்சிக்கு முன்னால் ஒரு நாள் நீ வா. தோழிகள் வேண்டாம், தனியாக வா. மாமாவிடம் கேள். அவர் சொல்வதை எங்கேயும் வைக்க வேண்டாம். அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர் அவர் ஒருவர்தான். அப்பா தட்டினாரா, என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று அவருக்குத்தான் தெரியும். உனக்காவது அப்பாவின் குரல் கொஞ்சம் நினைவிருக்கும். எனக்கு அப்போது நடக்கவே தெரியாது.

நீ கேட்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எதுவும் பேச மாட்டேன். அவருக்கு அழுகை வந்தால் மட்டும் பதிவு பண்ணுகிற மெஷினை நிறுத்திவிடு அக்கா.

நீ வருவாய் என்ற நம்பிக்கையில்,
உன் தங்கை
மௌனசாமி