நெசுகே என்று உன் தம்பிக்கு நீ வைத்த பெயர்

சங்கராபுரம்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தமிழ்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் ஹாம்பர்க்கில் உடல்நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவும் நானும் உடலளவில் நலம், மனத்தைப் பற்றி இக்கடிதத்தைப் படித்து முடிக்கும்போது நீயே தெரிந்துகொள்வாய். தொலைபேசியில் பேசாமல் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பேசினால் என் குரல் உயரும், நீ அழுவாய், உன் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போய்விடும். எழுதும்போது என் குரல் உயர்வதில்லை. இந்தத் தாள்களைப் படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன், குடும்பக் குழுவில் போட மாட்டேன். அந்த மரியாதையை நீ உன் தம்பிக்குக் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

ஆடி இரண்டாம் வெள்ளியன்று கல்வராயன் மலையில் நம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனோம். அங்கே உன் தம்பி அறிவுச்செல்வன் பானையை உதைத்துத் தள்ளியது உனக்கு ஒரு வீடியோவாக மட்டுமே தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைக் கேட்க உனக்குத் தோன்றவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஓடை மணலில்தான் அடுப்புக்கல் வைக்க வேண்டும், தீ மூட்டிவிட்டால் பானை பொங்கி வழியும் வரை பங்காளி வீட்டார் யாரும் அந்த மணலை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இடையில் தீயை அணைக்கவும் கூடாது. அன்று நல்ல வெயில். ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர், குழந்தைகள் அதில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், உன் தம்பி ஒருவன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெளிந்து ஓடிய நீர் செம்மண் நிறத்துக்கு மாறி, சருகும் சுள்ளியும் நுரையுமாக வரத் தொடங்கியதை அவன்தான் கண்டான். மேலே எங்கோ கனமழை பெய்திருக்கிறது, எல்லாரும் கரைக்கு ஏறிவிடலாம் என்றான். உன் பெரியப்பா கொளஞ்சியப்பன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, வெயிலு மண்டைய பொளக்குது, உனுக்கு மட்டும் தனியா மழ பெய்யுதா" என்றார். அவர் மகன் தங்கதுரை, "வந்துட்டான்டா நம்ம நெசுகே" என்று, நீ அவனுக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, போனைத் தூக்கிப் பிடித்தான். அறிவு மறுபடி சொன்னான், கெஞ்சினான், முழங்கால்கள் நடுங்க நின்றுகொண்டே அழுதான். "பொங்கற நேரத்துல அபசகுனமா அழுதுகினு நிக்காத, கம்முனு குந்து" என்று பெரியம்மா அதட்டினார். அதன் பிறகுதான் அவன் போய்ப் பானையை உதைத்தான்.

உன்னிடம் வந்த வீடியோ அந்த இடத்தில் முடிகிறது. தங்கதுரை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவனை அடிக்க ஓடியதால் அதற்குப் பிறகு படம் இல்லை. பால் கொட்டி அடுப்பு அணைந்துவிட்டது, பொங்கல் கெட்டுவிட்டது, இனி அந்த மணலில் உட்கார்ந்திருக்க எவருக்கும் காரணம் இல்லை. அவன் கரை மேல் ஏறி ஓடினான், ஆண்கள் அவனை அடிக்கத் துரத்திக்கொண்டு ஏறினார்கள், பெண்கள் அதைத் தடுக்கக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். வேப்பமரத்தடியில் அவனைப் பிடித்து இரண்டு அறை விட்டிருப்பார்கள், அதற்குள் ஓடையில் வெள்ளம் இரைந்து வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அடுப்புக்கல், பானை, தார்ப்பாய், உன் அம்மாவின் செருப்பு என எதுவும் இல்லை, மணலும் இல்லை. கரைக்குக் கரை செந்நீர் போய்க்கொண்டிருந்தது. மனிதர் ஒருவரும் அதில் போகவில்லை. அந்தப் படத்துக்குத்தான் நீ அந்தப் பொம்மைப் படத்துக் கீச்சுக் குரலை ஒட்ட வைத்து, "வாங்க, திரும்பிப் போயிடலாம்" என்று அவன் வாயில் பேசவைத்து, சிரிக்கும் முகங்களோடு குழுவுக்கு அனுப்பினாய். சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் தேநீர்க் கடைக்காரர் வரை அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

நெசுகே யார் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீங்கள் இருவரும் பள்ளியில் படித்த காலத்தில் மாலையானால் தொலைக்காட்சியில் ஓடிய அந்த ஜப்பானியத் தொடர் எனக்கு வெறும் கூச்சலாகவே இருந்தது. என் மகனை எதனோடு ஒப்பிட்டிருக்கிறாய் என்று தெரிந்துகொள்வதற்காக, கல்லூரி விட்டு வந்ததும் நாள்தோறும் உட்கார்ந்து அத்தொடரை முதலிலிருந்து முடிவு வரை பார்த்தேன். நான் நடத்தும் விலங்கியல் பாடத்துக்குக் குறிப்பெடுப்பது போல்தான் பார்த்தேன், ரசிக்கும் நோக்கம் எனக்கு இல்லை. பனிமலைகளுக்கு அப்பால் தொலைந்துபோன ஒரு கோவில் மணியைத் தேடி ஐந்து பேர் ஒரு கோவேறு கழுதையோடு போகிறார்கள். வாள் சுழற்றும் பையன், வில் ஏந்திய பெண், மலை போன்ற ஒரு மல்லன், கண் தெரியாத துறவி, ஐந்தாவதாக மூட்டை தூக்கிச் சமைக்கிற நெசுகே. பயம் வந்தால் அவன் தலைமயிர் குத்திட்டு நிற்கும், முழங்கால்கள் தாளம் தட்டும், பின்னணியில் ஒரு கோமாளி இசை வரும், நாம் சிரிக்க வேண்டும் என்பது அதன் பொருள். நானும் முதலில் சிரித்திருக்கக்கூடும், ஆனால் எனக்குச் சிரிக்கும் நிலை இல்லை, ஆகவே இசையை விட்டுவிட்டு அவன் கைகளைக் கவனித்தேன். ஒரு கயிற்றுப் பாலத்தைக் கடப்பதற்கு முந்தைய மாலையில் மற்றவர்கள் படுத்துவிட, அவன் அழுதுகொண்டே போய் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து மறுபடி கட்டுகிறான். கோமாளி இசை அப்போதும் ஒலிக்கிறது. மறுநாள் பாலத்தின் நடுவில் சண்டை, மல்லன் குதிக்கிறான், பையன் தீப்பொறி பறக்க வாள் வீசுகிறான், கயிறு தாங்குகிறது. ஏன் தாங்கியது என்று ஒருவரும் கேட்பதில்லை. குகைக்குள் நுழைய மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்து அவன் ஊளையிடும் பகுதி உனக்கு மிகவும் பிடித்தது என்று உன் அம்மா சொன்னாள், நீ அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாயாம். உள்ளே விளக்கு அணைந்து வழி தவறிய நால்வரும் எதைக் கேட்டு வெளியே வந்தார்கள் என்பதை நீ கவனித்தாயா? அவன் ஊளையைக் கேட்டுத்தான் வந்தார்கள். வந்தவுடன் வில்லேந்திய பெண், "இன்னும் அழுதுகொண்டா இருக்கிறாய்" என்று அவன் தலையில் தட்டுகிறாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டுகிறான்.

நான் அத்தொடரிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான். வாள் ஏந்திய பையனுக்குத் தான் சாகக்கூடும் என்பதே உறைப்பதில்லை. சாவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியாதவன் மலையேறுவதில் எனக்கு வியப்பில்லை. அந்த ஐவரில் என்னென்ன நேரக்கூடும் என்பது முழுவதும் தெரிந்தவன் நெசுகே ஒருவன்தான். திரும்பிப் போகலாம் என்று பகுதிதோறும் சொல்கிறான், ஒருமுறைகூடத் தனியாகத் திரும்பிப் போகவில்லை. திரும்பும் பாதை அவனுக்கு எப்போதும் திறந்தே இருந்தது, கழுதையும் அவன் கையில்தான் இருந்தது. அதை எழுதியவர்களுக்கே தாங்கள் எப்படிப்பட்ட ஒருவனைப் படைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை என்பது என் எண்ணம். கடைசிப் பகுதியில் மணி கிடைத்தவுடன் ஊரே பையனைத் தூக்கிச் சுமக்கிறது, நெசுகே படத்தின் ஓரத்தில் கழுதைக்குப் புல் போடுகிறான். ஆகவே மகளே, நீ உன் தம்பிக்கு வைத்த பெயர் மிகப் பொருத்தமானது. கேவலப்படுத்த எண்ணி அந்தக் கூட்டத்திலேயே மேலான மனிதனின் பெயரை அவனுக்குக் கொடுத்திருக்கிறாய். உன் நோக்கத்தை மன்னிக்க எனக்கு இன்னும் நாளாகும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உயிர் பிழைத்தவர்கள் மறுநாளே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அறிவு பானையை உதைத்ததால்தான் அம்மன் சினந்து வெள்ளத்தை அனுப்பினாளாம். தண்ணீர் கலங்கியது முதலில், பானை உருண்டது பிறகு என்று நான் அமைதியாக எடுத்துச் சொன்னேன். உன் பெரியப்பா, "நீ காலேஜில படிச்சது ஜாஸ்தி ராஜாங்கம், அதான் உனுக்கு பயம் கம்மி. பானைய ஒதச்சான், ஆத்தா தண்ணிய வுட்டா, இதுல இன்னா பாடம் நடத்திகினு இருக்கற" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குறைபட்ட பொங்கலை ஆடி முடிவதற்குள் அதே இடத்தில் வைத்து முடிக்க வேண்டுமாம், வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அறிவு பங்காளிகள் காலில் விழுந்து, என்னால்தான் தண்ணீர் வந்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் அவன் மலைக்கு வரக் கூடாது. அடுப்பைக் கரை மேலே வைக்கலாமே என்று கேட்டேன், பாட்டன் காலத்து வழக்கத்தை மாற்ற நான் யார் என்று கேட்டார்கள். வியாழக்கிழமையிலிருந்து பிற்பகல்தோறும் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.

என் கவலை எல்லாம் அவன் சொல்லிவிடுவானோ என்பதாகவே இருந்தது. ஒருமுறை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதை அவனே நம்பிவிடுவான், அடுத்த முறை ஆபத்தைக் கண்டாலும் அவன் வாய் திறக்காது என்று அஞ்சினேன். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை, யார் கதவைத் தட்டினாலும் திடுக்கிடுகிறான். ஆகவே இன்று காலை, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் போய், நீ யார் காலிலும் விழக் கூடாது, மலைக்கும் போக வேண்டாம், இது என் முடிவு என்று சொன்னேன். அவன் துணியைக் கீழே வைக்கவில்லை. "அப்பா, உழுந்து சொல்லிட்டா என்னியும் கூட இட்டுகினு போவாங்க. சொல்லலன்னா வூட்லயே வுட்டுட்டு அவங்க மட்டும் போயிடுவாங்க. பசங்கள்லாம் போவுதுப்பா. அங்க குந்திகினு தண்ணிய யாரு பாக்கறது?" என்று கேட்டான். இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதிய வாதங்கள் எல்லாம் அப்போது என்னிடம் தயாராக இருந்தன, அந்தக் கேள்விக்கு அவற்றில் ஒன்றும் விடையாகவில்லை. அவன் விழப்போகிறான். நான் பக்கத்தில் நிற்பேன். பிறகு மணலில் அவனோடு பானைக்கு முதுகைக் காட்டி உட்காரப்போகிறேன். வழக்கத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

நீ செய்ய வேண்டியவை. அந்த வீடியோவை நீக்கு, நீக்கியதைக் குழுவில் எழுது. உன் பெரியப்பா உன்னைத் தோளில் சுமந்து வளர்த்தவர், என் சொல்லைக் கேட்காதவர் உன் சொல்லுக்கு இறங்கக்கூடும். வியாழக்கிழமைக்குள் அவரை அழைத்து, அடுப்பை மணலில் வைக்க வேண்டாம் என்று கேள், அழ வேண்டியிருந்தால் அழுதுகொண்டே கேள், அவர் சிரித்தாலும் விடாமல் கேள். தம்பியிடம் இப்போது மன்னிப்புக் கேட்காதே, அதைக் கேட்டு உனக்கு ஆறுதல் சொல்லும் தெம்பு அவனிடம் இந்த வாரம் இல்லை.

நீயும் மருமகனும் நீடு வாழ எங்கள் ஆசிகள். குளிர் இல்லாத மாதம் என்று காதை மூடாமல் வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். வெள்ளியன்று மலையில் சிக்னல் இருக்காது, நாங்கள் இறங்கிக் கச்சிராயப்பாளையம் வந்து சேர மாலையாகும். அதுவரை உனக்கு ஒரு செய்தியும் வராது. பயந்துகொண்டு இரு, ஆனால் போனைக் கையிலேயே வைத்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜாங்கம்